ஹாரி வெஸ்லேக் என்னும் யந்திர நிபுணர்

மோட்டார் வண்டி ஓடுதற்குப் பெட்ரோல் வேண்டும் என்பது சிறுவரும் அறிந்ததே. அதனினும் பன்மடங்கு மிகுதியாகக் காற்று வேண்டும் என்பதைக் கற்றோருள்ளும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் எரிந்தொழிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றுச் செலவாகின்றது. பெட்ரோலை வேண்டுமளவும் ஊற்றிவிடலாம். காற்றை உரிய நேரத்தில் உள்ளே புகுத்துவதுதான் அரிய காரியம். ஆகவே ஓர் எஞ்சினின் வலிமை, அது ஒரு நிமிஷத்தில் எவ்வளவு காற்றை உட்கொண்டு எவ்வளவு புகையை வெளியே தள்ள வல்லது என்பதையே பெரும்பாலும் பொறுத்து நிற்கின்றது. இவ்வொன்றையே தம் வாழ்நாள் முழுதும் விடாது பற்றி நின்று, கண்ணுக்குப் புலனாகாத காற்றின் வழியை அளந்து திருத்தியவர் ஹாரி வெஸ்லேக் என்னும் ஆங்கிலேயர். பந்தய வண்டிகளின் சரித்திரத்தில் ஓட்டியவர் பெயரும் வண்டியின் பெயரும் விளங்குவதுபோல் அவர் பெயர் பொதுமக்களிடையே விளங்கவில்லையாயினும், தொழில் அறிந்தோர் அவரைத் தம் துறையின் ஆசானாகவே மதித்து வந்தனர்.

வெஸ்லேக் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்ஸ்டர் நகரிற் பிறந்தார். அவர் தகப்பனார், வீடுகளுக்கும் வீதிகளுக்கும் வரும் எரிவாயுவை அளக்கும் மீட்டர்கள் முதலியவற்றைச் செய்யும் நிறுவனத்தைச் சார்ந்தவர். குழாயினுள் ஓடும் வாயுவைக் கண்டவர் இல்லை. ஆயினும் அதனை அளந்து விலை கூறி விற்றல் கூடும் என்பது அக்குடும்பத்தாரின் அன்றாட அனுபவம். பிற்காலத்தில் மகனார் செய்த காரியங்களை நோக்குமிடத்து, இவ்விளமைச் சூழல் வீண்போகவில்லை என்றே தோன்றுகின்றது.

முதல் உலக யுத்தம் முடிந்த காலத்தையொட்டி அவர் ஒரு புதிய கார்புரேட்டரை அமைத்து, அதற்கு வெக்ஸ் என்று பெயரிட்டார். கார்புரேட்டர் என்பது பெட்ரோலைத் துளிகளாக்கிக் காற்றிற் கலந்தனுப்பும் கருவி. அதனைத் திருத்த முயல்வோன் எவனும் விரைவில் ஒரு தடையைக் காண்பான். கருவி எத்துணைச் செம்மையாகக் கலவையைத் தயாரித்தாலும், அதற்கு அப்பாலுள்ள வழி குறுகியும் கோணியும் இருக்குமாயின் கலவை வாசலிலேயே நின்றுவிடும். வெஸ்லேக்கின் கவனம் கார்புரேட்டரினின்று அவ்வழியின்பாற் சென்றது, சென்றது மீளவில்லை.

அவ்வழியைச் சற்றே விளக்குதல் நலம். கார்புரேட்டரை விட்டுப் புறப்பட்ட காற்று முதலில் மானிபோல்டு என்னும் கிளைக் குழாயிற் செல்கின்றது. அது பல கிளைகளாய்ப் பிரிந்து, சிலிண்டர்களின் மேல் மூடிபோல அமர்ந்திருக்கும் ஹெட் என்னும் வார்ப்பின் பக்கத்தில் வந்து பொருந்தும். பொருந்தும் இடத்தில் இரண்டு உலோக முகங்களுக்கும் நடுவே காஸ்கெட் என்னும் மெல்லிய தகடு கிடக்கும். அவ்விடந் தாண்டி, ஹெட்டினுட் குடையப்பட்ட போர்ட் என்னும் சுரங்க வழியே காற்று நுழைந்து, வளைந்து, வால்வின் தண்டைச் சுற்றி, அதன் இருக்கையின் இடுக்கிற் பிதுங்கி, இறுதியாகச் சிலிண்டரை அடையும். எரிந்த புகை வெளியேறுவதும் இத்தகைய மற்றொரு வழியாலேயே. நிமிஷத்திற்கு 6,000 முறை சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு வால்வு விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகின்றது. பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கும் நேரம் விநாடியில் 200-இல் ஒரு பங்கு. அதற்குள் காற்று இத்தனை திருப்பங்களையும் கடந்தாக வேண்டும். கடவாது வெளியே நின்ற காற்றினால் யாதொரு பயனும் இல்லை.

அக்காலத்துப் பட்டறையாளர் இவ்வழியைத் திருத்த அறிந்திருந்த உபாயங்கள் இரண்டே: பெரிதாகக் குடைதல், கண்ணாடிபோல் மெருகிடுதல். பெரிய துவாரத்தில் காற்றுப் பெருகிப் பாயும், வழுவழுப்பான சுவரில் வழுக்கிச் செல்லும் என்பது அவர்கள் எண்ணம். எளிதில் நம்பத்தக்க எண்ணமே. இன்றும் பல பட்டறைகளில் இதனை வேதவாக்காகக் கொள்வோர் உளர். ஆனால் வழி அளவுகடந்து அகலுமாயின் காற்றின் வேகம் தணிகின்றது. வேகந் தணிந்த காற்றில் பெட்ரோல் துளிகள் மிதவாமற் சுவரிற் படிகின்றன. எஞ்சின் மெதுவாக ஓடுங்காலத்து இருமித் தடுமாறுகின்றது. மெருகோ, பார்ப்பவர் கண்ணுக்கு இன்பம் தருவதன்றிக் காற்றுக்குச் செய்யும் உதவி சிறிதே. ஆற்றை அகலமாக வெட்டியதனால் மட்டும் நீர் விரைந்தோடாது என்பதை நம் நாட்டுக் குடியானவன் அறிவான்.

வெஸ்லேக் எண்ணத்தை நம்பவில்லை, அளக்கத் தொடங்கினார். எஞ்சினை ஓட்டாமலே அதன் ஹெட்டினை மாத்திரம் கழற்றி, சிலிண்டரையொத்த ஒரு குழாயின்மேற் பொருத்தி, வால்வைக் குறித்த அளவு திறந்து வைத்து, விசிறி யந்திரத்தால் அதனூடே காற்றை இழுக்கச் செய்வது அவர் கையாண்ட முறை. இழுக்கும் அழுத்தத்தை மாறாது வைத்துக்கொண்டு, நிமிஷத்திற்கு எத்தனை கன அடி காற்றுச் செல்கின்றதென்று அளந்தால், அவ்வழியின் குணம் இலக்கமாக வந்துவிடுகின்றது. பிறகு வால்வை இன்னுஞ் சிறிது திறந்து மீண்டும் அளக்க வேண்டும். நம் பௌதிக சாலையில் வளைந்த கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தின் வேற்றுமையைப் பார்த்து அழுத்தத்தைக் குறிக்கும் மாணவர்க்கு இதிற் புதுமை ஒன்றும் தோன்றாது. ஆயினும், ஒரு திருத்தம் நல்லதோ தீயதோ என்பதை எஞ்சினை முழுதும் கூட்டி ஓட்டிப் பார்த்தன்றி அறிய முடியாதிருந்த காலத்தில், அதனை மேசையின்மேலேயே சில நிமிஷங்களில் அறியக் கூடியதாயிற்று என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இம்முறையை இங்கிலாந்தில் ஒரு தனித் தொழிலாகவே வளர்த்தோருள் வெஸ்லேக் முதன்மையானவர்.

அளக்க அளக்க, காற்று எதனை வெறுக்கின்றது என்பது விளங்கும். அது வெறுப்பது சொரசொரப்பையன்று, திடீரென்ற மாறுதலையே. மானிபோல்டும் ஹெட்டும் கூடும் மூட்டு இதற்கு நல்ல உதாரணம். இரண்டும் வேறுவேறு வார்ப்புக்கள். வேறுவேறு கைகள் செய்தவை. போல்ட்டுத் துவாரங்கள் சற்றே பெரியனவாக இருத்தலால், முறுக்கும்போது ஒரு பாகம் சிறிது கீழிறங்கி அமர்ந்துவிடலாம். அப்போது உள்ளே ஒரு படி உண்டாகின்றது. மானிபோல்டின் துவாரம் பெரிதாகவும் ஹெட்டின் துவாரம் சிறிதாகவும் இருந்தால், வேகமாய் வருங் காற்று அப்படியின் முகத்தில் நேரே மோதிச் சுழித்துக் கலங்கும். மாறாக, மானிபோல்டு சற்றே சிறியதாயின், காற்றுப் படியினின்று இறங்கிச் செல்லுமேயன்றி மோதாது, தீமை குறைவு. வெளிப்புகையின் பக்கத்திலும் இதே நியாயந்தான்: புகை ஹெட்டினின்று குழாய்க்குச் செல்வதாகலின், குழாயின் வாய் போர்ட்டினும் சிறுகலாகாது. சற்றே பெரிதாயிருப்பின் குற்றமில்லை. திரும்பி உள்ளே பாய முயலும் புகையை அவ்விளிம்பு ஓரளவு தடுக்கவும் கூடும். இவற்றோடு காஸ்கெட்டின் ஓரம் உட்புறம் நீண்டு நாக்குப்போற் கிடக்குமாயின், செய்த திருத்தம் யாவும் பாழ்.

இம்மூட்டைச் செப்பனிடும் விதம் பொறுமையை வேண்டுவது. முகத்தில் நீல மையைத் தடவிக் காஸ்கெட்டை அதன்மேல் வைத்து, ஊசியால் விளிம்பைக் கீறிக்கொள்ள வேண்டும். இரு பாகங்களும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமரும்படி சிறு முளைகளை இறுக்கிவிட வேண்டும். இதனைச் செய்யாது துவாரத்தை மட்டும் ஒப்பிட்டுக் குடைவது வீண் உழைப்பு. பின்பு கீறிய கோட்டளவு குடைந்து, வாயிலிற் புனல்போல் நின்றுவிடாமல், உட்புறம் ஓர் அங்குலத்திற்கேனும் சரிவைப் படிப்படியாகக் கொண்டுசென்று பழைய சுவரோடு கலக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின்னும், மூட்டு ஒன்றைத் திருத்தியதனாலேயே எஞ்சின் புத்துயிர் பெற்றுவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். காற்றுக்குப் பெருந்தடை பெரும்பாலும் வால்விற்கு அணித்தான வளைவிலும் இருக்கையிலுமே உள்ளது. எத்தடை எவ்வளவு என்று அளந்து, பெரியதை முதலிற் களைவதே வெஸ்லேக்கின் வழி. கண்ணிற் பட்டதைத் தேய்ப்பதன்று.

1930-க்கு முந்திய ஆண்டுகளில் பென்ட்லி முதலிய நிறுவனங்களின் வேலைகளில் அவர் ஈடுபட்டுப் பெயர் பெறலானார். ஆயினும் அவர் புகழை நிலைநாட்டியது கவென்ட்ரி நகரத்து எஸ்.எஸ். நிறுவனத்தின் தலைவர் வில்லியம் லையன்ஸ் அவரை நாடி வந்த நிகழ்ச்சியே. லையன்ஸ் அழகிய வண்டிகளைச் செய்தார். ஆனால் அவற்றினுள் இருந்தது ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் சாதாரண எஞ்சின். உருவத்திற்கேற்ற ஓட்டம் இல்லையென்று ஏளனஞ் செய்வோர் இருந்தனர். ஆறு சிலிண்டர்களும் 2,663 கன சென்டிமீட்டர் கொள்ளளவுமுடைய அவ்வெஞ்சின் பக்கத்தில் வால்வுகளைக் கொண்டது. சுமார் 70 குதிரைச் சக்தியே தந்து வந்தது. வெஸ்லேக் அதன் அடிப்பாகத்தைப் பெரிதும் மாற்றாமல், வால்வுகளை மேலே அமைத்துப் புதிய ஹெட் ஒன்றை வகுத்தார். சக்தி நூறைக் கடந்தது. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! பிஸ்டனும் சிலிண்டரும் பெருகவில்லை. காற்றின் வழியே திருந்தியது. 1935-இல் அவ்வெஞ்சினோடு வெளிவந்த வண்டிக்குத்தான் ஜாகுவார் என்னும் பெயர் முதன்முதலிற் சூட்டப்பெற்றது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், இரவில் விமானத் தாக்குதலால் நெருப்புப் பற்றாதபடி தொழிற்சாலையைக் காவல் காக்கும் முறை வந்தபோது, லையன்ஸும் அவருடைய நிபுணர்களாகிய ஹெய்ன்ஸ், ஹாஸன், பெய்லி என்போரும் கூடியிருந்து யுத்தத்திற்குப் பின் செய்யவேண்டிய எஞ்சினைப்பற்றி ஆலோசித்தனர். அதன் பயனே எக்ஸ்கே எஞ்சின். அதன் ஹெட்டினை வகுத்ததில் வெஸ்லேக்கின் பங்கு பெரிது. அரைக்கோள வடிவான அறை; அதற்குட் செல்லும் வழி நேராயிராது சற்றே வளைந்தது. வளைந்து வருங் காற்றுச் சிலிண்டரினுட் சுழன்று, பெட்ரோலோடு நன்கு கலந்து சீராக எரியும். 1948-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் காட்சியில் எக்ஸ்கே 120 என்னும் வண்டி வைக்கப்பட்டபோது, 3,442 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு 160 குதிரைச் சக்தி கூறப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் பெல்ஜிய நாட்டு நெடுஞ்சாலையில் அவ்வண்டி மணிக்கு 132 மைலுக்கு மேல் ஓடிற்று. பிரான்ஸ் தேசத்து லெமான் நகரில் இருபத்துநான்கு மணிநேரம் இடைவிடாது நிகழும் பந்தயத்தை 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்தாண்டுகளிலும் இவ்வெஞ்சின் வென்றது. 1958-இல் எக்ஸ்கே 150 எஸ் வண்டிக்கு வந்த ஹெட்டிலோ, வளைந்த வழி நேராக்கப்பட்டது. முன் சொன்னதற்கு முரணன்றோ எனின், அன்று. மெதுவாகவும் ஓட வேண்டிய எஞ்சினுக்குச் சுழற்சி உதவுகின்றது. மிகு வேகத்திலேயே சக்தியைத் தேடும் எஞ்சினுக்குச் சுழற்சியினும் காற்றின் அளவே முக்கியமாகின்றது. ஒருமுறை வென்ற வடிவத்தைக் கட்டிக்கொண்டு அழாமை அளப்போர்க்கு உரிய குணம். எக்ஸ்கே எஞ்சின் 1992 வரை செய்யப்பட்டு வந்தது.

பணக்காரர் வண்டிகளுக்கே அவர் உழைத்தார் என்று எண்ணலாகாது. 1951-இல் ஆஸ்டின் ஏ30 என்னும் சிறு வண்டிக்கு வந்ததும், 1959-இல் மினி வண்டியிற் புகுந்ததுமான ஏ வரிசை எஞ்சினின் ஹெட், வெஸ்லேக்கின் உரிமை பெற்ற முறைப்படி அமைந்தது. அதன் அறை இதய வடிவமானது. இரு வால்வுகளுக்கும் நடுவே உலோகம் ஒரு முனைபோல் நீண்டு நிற்கும். நான்கு சிலிண்டர்களுக்கும் உள்வழிகள் இரண்டே, வெளிவழிகள் மூன்றே. இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலிற் காற்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். செலவைக் குறைக்க நேர்ந்த இக்குறையோடு இயன்றதைச் செய்தது அவ்வமைப்பு. இதன் உடன்பிறப்பாகிய பி வரிசை எஞ்சின் நம் நாட்டிற்கும் வந்தது. வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸிடர் வண்டிகளிற் பல்லாண்டுகள் இருந்த 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின் அதுவே. மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற அவ்வண்டியின் ஹெட்டினைக் கழற்றிய நம் ஊர் மெக்கானிக்குகள், வெஸ்லேக்கின் பெயரைக் கேளாமலே அவர் கைத்திறனைக் கண்டவராவர். இங்கிலாந்தில் விற்ற வண்டிகள் பலவற்றில், எஞ்சின் மூடியின்மேல் அவருடைய உரிமை எண்களைப் பொறித்த சிறு தகடு ஒன்று இருக்கும். அவ்வளவே அவர் கையொப்பம்.

யுத்தத்திற்குப் பின் அவர் தென்கடற்கரையை அடுத்த ரை என்னும் பழைய சிற்றூரில் தம் தொழிலகத்தை நிறுவிப் பல நிறுவனங்களுக்கும் ஆலோசகராக விளங்கினார். 1958-இல் உலகப் பந்தய நிறுவனங்களுக்கான முதற் பட்டத்தை வென்ற வான்வால் வண்டியின் எஞ்சினும் அவர் ஆலோசனையைப் பெற்றதே. இவையெல்லாம் பிறர் செய்யும் எஞ்சினுக்குத் தாம் மேற்பாகத்தைத் திருத்திக் கொடுத்த காரியங்கள். முழு எஞ்சினையும் தம் சாலையிலேயே செய்யும் வேளை அவருக்கு அறுபத்தெட்டு வயதிற்கு மேல் வந்தது. அதுவே அவர் வாழ்க்கையின் உச்சி. அதுவே பெருஞ் சோதனையும்.

அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி தமக்கென ஈகிள் என்னும் வண்டியை அமைத்து, அதற்குப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வெஸ்லேக்கிடம் வேண்டினார். ஆப்ரி உட்ஸ் என்பவர் அதனை வரைந்தார். 2,997 கன சென்டிமீட்டர். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். 1966 செப்டம்பரில் இத்தாலியின் மொன்ஸாவில் அது முதன்முதற் களமிறங்கிற்று. 1967 ஜூன் 18-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் கர்னி அதனைச் செலுத்தி, மணிக்குச் சுமார் 146 மைல் சராசரி வேகத்தில் வெற்றி பெற்றார். அமெரிக்கர் ஒருவர் அமெரிக்க நிறுவனத்தின் வண்டியிற் பெரும்பந்தயம் ஒன்றை வென்றது 1921-க்குப் பின் அதுவே. காற்று நன்றாய்ப் புகுந்தது, வண்டி பறந்தது.

ஆனால் அவ்வாண்டில் அவ்வெஞ்சினோடு கர்னிக்குப் புள்ளி கிடைத்தவை இரண்டு பந்தயங்களே. ஸ்பாவில் முதலிடம், கனடாவில் மூன்றாமிடம். ஜெர்மனியில் முன்னணியிற் சென்றும் சக்கரத்திற்குச் சக்தி செலுத்தும் தண்டின் மூட்டு முறிந்து நின்றது. அதற்கு எஞ்சினைப் பழிக்க இயலாது. மற்றவற்றுட் சிலவற்றிற்கு எஞ்சினே காரணம். ஓடஓட எண்ணெய் அடிப்பாகத்தில் தேங்கி, சுழலும் தண்டு அதனைக் கடைந்துகொண்டே சக்தியை இழந்தது. இதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. பாகங்களைக் கடைந்த யந்திரங்கள் முதல் உலக யுத்த காலத்துப் பழையவை. அவை தரும் அளவுகள் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. ஓர் எஞ்சினின் பாகம் இன்னோர் எஞ்சினிற் பொருந்தவில்லை. ஒவ்வொன்றையும் கையால் தேய்த்து இணைக்க நேர்ந்தது. காற்றின் வழியில் ஒரு நூலிழைப் படியையும் பொறாதவர், தம் சாலையில் உருவான பாகங்களே ஒன்றோடொன்று பொருந்தாத நிலையைக் காண நேர்ந்தது. பெரிய மோட்டார் நிறுவனங்களின் பொருளும் புதிய கருவிகளும் அவர்க்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் அளத்தலில் வல்லவராயிருந்தவர், அளந்ததை ஒரே விதமாகப் பத்து முறை செய்தலும் வேறொரு வித்தை என்பதைக் காலங்கடந்தே உணர்ந்தார் போலும். 1968-க்குப் பின் அவ்வெஞ்சின் கிராண்ட் பிரீ பந்தயங்களிற் காணப்படவில்லை.

கர்னியும் வெஸ்லேக்கும் சேர்ந்து ஃபோர்டு நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்கு அமைத்த அலுமினிய ஹெட்டுகள் அதனினும் நற்பயன் தந்தன. அவற்றைத் தாங்கிய ஜிடி40 வண்டி 1968-இல் லெமான் பந்தயத்தை வென்றது. அடுத்த ஆண்டும் அதே வண்டியே, ஓட்டியவர் மட்டும் மாற, மீண்டும் வென்றது. பிறருடைய உறுதியான அடிப்பாகமும் அவருடைய மேற்பாகமும் கூடிய இடத்திற் குறை நேரவில்லை.

எழுபது கடந்த பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மண் தளத்தில் வட்டமாகச் சுற்றும் ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்திற்காக, 500 கன சென்டிமீட்டர் அளவில், ஒரே சிலிண்டரும் நான்கு வால்வுகளுங் கொண்டு மெத்தனாலில் ஓடும் எஞ்சினைச் செய்தளித்தார். 1976-ஆம் ஆண்டு போலந்து நாட்டில் பீட்டர் காலின்ஸ் உலகப் பட்டம் பெற்றது வெஸ்லேக் எஞ்சினின் மேலேயே. ஒரே சிலிண்டர், ஒரே உள்வழி. இளமையில் வெக்ஸ் கார்புரேட்டரோடு தொடங்கிய இடத்திற்கு அவர் ஏறக்குறையத் திரும்பி வந்திருந்தார். 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், எண்பத்தோராவது வயதில், அவர் காலமானார்.